வேலனும் தோழியும்: சமயச் சடங்கும் உளமருத்துவமும் கூடும் இடம்

சங்கப் பாடல்களைக் கற்பிக்கும் தமிழாசிரியன் ஒவ்வோராண்டும் தன் வகுப்பறையிலே நோயாளி ஒருத்தியைச் சந்திக்கின்றான். தலைவி என்பதன்றி அவளுக்கு வேறு பெயரில்லை. அவள் உண்ணாள், உறங்காள். மேனி பசந்தது, கைவளை கழன்றது. இஃது அணங்கு தாக்கியதாகுமோ எனத் தாய் அஞ்சுகின்றாள். கட்டுவிச்சி வந்து முறத்திலே நெல்லைப் பரப்பி எண்ணிப் பார்த்து, முருகன் செயல் என்கின்றாள். பின்னர் வேலன் வருகின்றான். முற்றத்தில் மணல் பரப்பிக் களம் அமைக்கப்படுகின்றது. செந்நிற மாலைகள் சூட்டப்படுகின்றன. மறியை அறுத்துத் தினையைத் தூவி, முருகன் தன்மேல் வந்தானென வேலன் ஆடுகின்றான். இதுவே வெறியாட்டு.

பண்டைப் புலவர் இக்காட்சியைப் பலகாலும் பாடினர். ஐங்குறுநூற்றில் கபிலர் பாடிய குறிஞ்சிப் பகுதியிலே வெறிப்பத்து எனப் பத்துச் செய்யுள்கள் இதற்கென்றே உள்ளன. வெறியைப் பாடிய சிறப்பினால் வெறிபாடிய காமக்கண்ணியார் எனப் பெயர் பெற்ற புலவரும் உளர். ஆயின், அந்த நோய் முருகனால் வந்ததன்று, காதலால் வந்தது. அதனை அறிந்தவள் ஒருத்தியே. அவள் தோழி. நற்றிணையில் வரும் தோழி ஒருத்தி, தன்னால் வாராத நோய்க்காக வெறிக்களத்திற்கு வந்து நின்ற முருகனையே அறியாமையுடையாய் எனக் கடிகின்றாள்.

குறுந்தொகையில் ஔவையார் படைத்த தோழி வேறொன்று செய்கின்றாள். குறி கூறும் அகவன்மகள் பாடுகின்றாள். அப்பாட்டிலே தலைவனுடைய குன்றமும் வருகின்றது. உடனே தோழி, அக்குன்றத்தைப் பாடிய பாட்டையே இன்னும் பாடுக என வேண்டுகின்றாள். அருகில் நிற்குஞ் செவிலி, 'அக்குன்றத்தின்மேல் இவளுக்கு என்ன ஆர்வம்?' என எண்ணத் தொடங்குகின்றாள். மறைந்திருந்த உண்மை வெளிவர வழி பிறக்கின்றது. இத்தோழி சடங்கை இகழவில்லை, அகவன்மகளைத் துரத்தவுமில்லை. சடங்கின் பாட்டையே உண்மையின் வாயிலாக ஆக்கிக்கொண்டாள்.

தெய்வமேறி ஆடுதல், மந்திரித்தல், நேர்த்தி வைத்தல், கோயிலில் தங்கி வழிபடுதல் ஆகியவற்றை இக்கால உளமருத்துவத்தோடு இணைத்தல் தகுமோ என்னும் வினா இன்று உலகெங்கும் எழுந்துள்ளது. இணைத்தல் தகும், ஆயின் ஔவையாரின் தோழி இணைத்தவாறு இணைத்தல் வேண்டும் என்பதே இக்கட்டுரையின் கருத்து.

உலகெங்கும் உள்ள வேலன்

வேலனை ஒத்தவர் எல்லா நாட்டிலும் இருந்தனர். சைபீரியாவின் துங்குசு மக்கள் அத்தகையோனைச் 'சாமன்' என்றனர். அச்சொல்லே இன்று உலக மொழிகள் பலவற்றிலும் வழங்குகின்றது. அதனை வடமொழிச் 'சிரமண' என்னும் சொல்லோடு தொடர்புபடுத்தினோரும் உளர். அது முடிந்த முடிபன்று. சமயங்களின் வரலாற்றை ஆராய்ந்த மிர்ச்சா எலியாதே, 1951இல் வெளியிட்ட தம் பெருநூலில் ஒரு வேறுபாட்டை வற்புறுத்தினார். சாமனுடைய உயிர் உடலைவிட்டு மேலுலகும் கீழுலகும் சென்று மீளும் என்பது அம்மக்களின் நம்பிக்கை. நம் வேலனோ எங்குஞ் செல்வதில்லை. தெய்வமே அவன்மேல் வருகின்றது. வழி வேறாயினும் நோயாளியின் பொருட்டு மறைவுலகத்தோடு பேசுதல் இருவர்க்கும் பொதுத் தொழிலாகும்.

இதனை மூடநம்பிக்கை என ஒதுக்கிய அறிஞர் பலர். பிரெஞ்சு மானிடவியலாளர் இலெவி ஸ்திராசு 1949இல் எழுதிய கட்டுரையொன்று அந்நோக்கை மாற்றத் தொடங்கியது. பனாமா நாட்டுக் குனா மக்களிடையே, மகப்பேறு தடைப்பட்டு வருந்தும் பெண்ணின் அருகிலிருந்து மந்திரப் பாடகன் நெடும்பாட்டொன்றைப் பாடுவான். கருவை உருவாக்கும் தெய்வ ஆற்றலின் இருப்பிடத்திற்கு அவனும் அவன் துணைத் தெய்வங்களும் சென்று, போரிட்டு, வென்று மீளும் கதை அது. அவன் அவளுடைய உடலைத் தொடுவதில்லை, மருந்தும் கொடுப்பதில்லை. பொருளற்றதாய் நின்ற வேதனைக்கு அப்பாட்டு ஒரு கதையைத் தருகின்றது; கதையுள் வந்த வேதனை தாங்கத்தக்கதாகின்றது என்பது அவர் கொண்ட விளக்கம். உளப்பகுப்பு மருத்துவரிடம் நோயாளி பேச, மருத்துவர் கேட்கின்றார். இங்கே மருத்துவன் பாட, நோயாளி கேட்கின்றாள். இரண்டும் ஒரே ஆடையின் முன்புறமும் பின்புறமும் போல்வன என அவர் கண்டார்.

1961இல் அமெரிக்க உளமருத்துவர் ஜெரோம் பிராங்கு இன்னும் ஒருபடி சென்றார். எந்நாட்டுக் குணமாக்கு முறையாயினும் அதனுள் நான்கு உறுப்புகள் உண்டு என்றார். முதலாவது, நோயாளி நம்பி உள்ளத்தைத் திறக்கத்தக்க ஒருவர். இரண்டாவது, குணமாக்குதற்கென்றே ஒதுக்கப்பட்ட இடம். மூன்றாவது, நோய் ஏன் வந்தது, எவ்வாறு நீங்கும் என்பதற்கு இருவரும் ஏற்கும் விளக்கம். நான்காவது, அவ்விளக்கத்திற்கு இயைய இருவரும் கூடிச் செய்யும் செயல்முறை. வேலன், களம், முருகின் சினம், வெறியாட்டு என இந்நான்கையும் நம் குறிஞ்சிப் பாடலிற் காணலாம். மருத்துவர், அவரது அறை, உளநூற் கோட்பாடு, வாரந்தோறும் நடைபெறும் உரையாடல் என ஆஸ்பத்திரியிலுங் காணலாம். மனச்சோர்ந்தவன் இழப்பது நம்பிக்கை. இந்நான்கும் கூடி அதனை மீட்கின்றன என்பது அவர் துணிபு.

ஆரோவைச் சூழ்ந்த ஊர்கள்

கோட்பாடு ஏட்டிலே நிற்க, அதனை நிலத்தில் இறக்கிக் காட்டியவர் ஆபிரிக்கர் ஒருவர். நைஜீரியாவின் அபெயொகூட்டா நகரில் 1923இல் பிறந்த தோமஸ் அடியோயே லாம்போ, இங்கிலாந்தின் பேர்மிங்காமில் மருத்துவம் பயின்று தாய்நாடு மீண்டார். பிறந்த நகரின் அருகே ஆரோ என்னுமிடத்தில் மனநோய் ஆஸ்பத்திரி ஒன்று எழுந்துகொண்டிருந்தது. உயர்ந்த மதிலும் பூட்டிய அறையும் உடைய ஐரோப்பிய முறையைத் தம் மக்கள்மீது சுமத்த அவர் விரும்பினாரல்லர். 1954இல், நோயாளரைச் சுற்றியுள்ள ஊர்களிலே குடியமர்த்தினார். ஊரார் வீட்டில் இடங்கொடுத்து வாடகை பெற்றனர். நோயாளர் ஆஸ்பத்திரிக்குச் சென்று சிகிச்சை பெற்று, மீண்டு, ஊரவரோடு உழுதும் சமைத்தும் ஆடியும் பாடியும் வாழ்ந்தனர். ஒரே ஒரு நிபந்தனை இருந்தது: நோயாளியோடு உறவினர் ஒருவரேனும் உடன்வந்து தங்குதல் வேண்டும்.

லாம்போ அந்நாட்டு மரபு மருத்துவரையும் அழைத்துக்கொண்டார். யொரூபா மக்களின் நோயைப் பற்றி அம்மக்களுக்கே விளங்கும் மொழியிற் பேசத்தக்கவர் அவரேயன்றோ? மருந்தும் மின்சிகிச்சையும் ஆஸ்பத்திரியில் நிகழ்ந்தன. நோயாளியை மீண்டும் சமூகத்தோடு சேர்க்குஞ் சடங்கை மரபு மருத்துவர் நடத்தினர். இம்முயற்சி உலகின் கவனத்தை ஈர்த்தது. பின்னாளில் லாம்போ உலக சுகாதார நிறுவனத்தின் துணைத் தலைமை இயக்குநராகவும் பணியாற்றி, 2004இல் மறைந்தார்.

அவர் இட்ட வித்து அதே மண்ணிலே கணக்கோடு கூடிய சோதனையாய் வளர்ந்தது. நைஜீரியாவின் இபாதானிலும் கானாவின் குமாசியிலும் மரபு மருத்துவரின் இல்லங்களில் இருந்த கடும் மனநோயாளர் 307 பேரை ஆராய்ந்து, பேராசிரியர் ஓயே குரேஜேயும் துணைவரும் 2020இல் முடிவை வெளியிட்டனர். ஒருசார் இல்லங்களுக்கு அரசினர் சுகாதார ஊழியர் முறையாகச் சென்று மரபு மருத்துவரோடு கூடிச் சிகிச்சை செய்தனர். ஏனையவற்றில் வழக்கமான முறையே நடந்தது. ஆறு திங்களின் பின் நோய்க்குறிகளை அளந்தபோது, கூட்டு முறையிற் சராசரி 53.4 புள்ளியும் வழக்கமான முறையில் 67.6 புள்ளியும் இருந்தன. புள்ளி குறையக் குறைய நோய் குறைந்தது என்பது பொருள். பூசாரியை விலக்கி இப்பயன் எய்தப்படவில்லை. அவரோடு இருந்தே எய்தப்பட்டது.

முத்துச்சாமி கோயில்

மருந்தில்லாமலே ஓரிடம் எவ்வளவு செய்யும் என்பதற்குத் தமிழ்நாட்டிலும் ஒரு சான்று உண்டு. திண்டுக்கல்லை அடுத்த வேலாயுதம்பாளையம் புதூரில் முத்துச்சாமி கோயில் என ஒன்றுளது. மனநோயாளர் உறவினரோடு அங்கு வந்து தங்குவர். பேயோட்டும் ஆரவாரம் எதுவும் இல்லை. காலையிற் சிறிது நேர வழிபாடு. பின்னர் கோயிலைக் கூட்டுதல், செடிக்கு நீரூற்றுதல் போன்ற சிறு பணிகள். கட்டணமும் இல்லை. பெங்களூரின் தேசிய மனநல நிறுவனத்தைச் சேர்ந்த ரகுராமும் துணைவரும் அங்கு வந்த 31 பேரை வந்த நாளிலும் செல்லும் நாளிலும் ஆராய்ந்தனர். அவருட் பெரும்பாலோர் மனச்சிதைவு நோயுடையோர். சராசரி ஆறு கிழமை தங்கினர். நோய்க்குறியின் அளவு ஏறத்தாழ ஐந்தில் ஒருபங்கு குறைந்தது. இம்முடிவு 2002இல் பிரித்தானிய மருத்துவ இதழில் வெளிவந்தது.

இதனை மிகைப்படுத்தலாகாது. 31 பேர் என்பது சிறு தொகை. ஒப்பிட்டு நோக்க வேறொரு குழுவும் இல்லை. ஆயினும் கண்டறிந்தோர் கூறிய காரணம் சிந்திக்கத்தக்கது. குறித்த ஒரு மந்திரத்தினாலன்று; அன்பும் அச்சமின்மையும் உடைய இடமொன்றில் உறவினரோடு தங்கியமையாலேயே நன்மை விளைந்தது என்றனர். ஆரோவிலும் திண்டுக்கல்லிலும் உறவினர் உடனிருந்தமை தற்செயலன்று. தனியறையில் அடைபட்ட நோயாளி உலகத்தை இழக்கின்றான். உறவோடு தங்கியவன் அதன் ஒரு துண்டையேனும் கையிற் பிடித்துக்கொண்டிருக்கின்றான்.

சங்கிலி

இத்துணையுங் கூறிவிட்டு எர்வாடியைக் கூறாது விடுதல் அறமன்று. இராமநாதபுரத்தை அடுத்த எர்வாடித் தர்க்காவை நாடி வரும் மனநோயாளருக்கென அங்கே தனியார் விடுதிகள் பல இருந்தன. 2001 ஆகஸ்ட் 6ஆம் நாள் விடியற்காலையில் அவ்விடுதிகளுள் ஒன்று தீப்பற்றியது. உள்ளிருந்தோர் சங்கிலியாற் கட்டப்பட்டிருந்தமையால் ஓட முடியவில்லை. 28 உயிர்கள் வெந்தழிந்தன. 2017இல் இந்தியா நிறைவேற்றிய மனநலச் சட்டம், நோயாளரை எவ்வகையாலுஞ் சங்கிலியிடுதலாகாதென விலக்கியது.

ஆபிரிக்காவிலும் இப்பாடம் கற்கப்பட்டது. கானாவிலே ஜெபக்கூடம் ஒன்றில் இருந்த 139 மனநோயாளரைக்கொண்டு நடந்த ஆய்வின் முடிவு 2018இல் வெளிவந்தது. ஜெபத்தோடு மருந்தும் பெற்றோர்க்கு ஆறு கிழமையில் நோய்க்குறி குறைந்தது. ஆயின் அவர் சங்கிலியிற் கிடந்த நாட்களின் தொகை குறையவில்லை. மருந்து நோயைத் தணித்தது, சங்கிலியை அவிழ்க்கவில்லை. அதனை அவிழ்ப்பது மனிதருடைய மனமாற்றமே. இணைப்பு என்னும் பெயரால் மருத்துவர் ஒருவர் கொடுமைக்கு அருகே மருந்துப் பெட்டியோடு போய் நின்றால், அக்கொடுமைக்கு அவர் சான்றிதழ் அளித்தவராவார்.

நம் நாட்டிலே

போர் நடந்த ஆண்டுகளில் நம்மவருள்ளம் பட்ட பாட்டை யாம் எடுத்துரைக்க வேண்டுவதில்லை. 1990ஆம் ஆண்டுகளில் மட்டக்களப்பில் தங்கி ஆராய்ந்த அமெரிக்க மானிடவியலாளர் பற்றீசியா லோறன்ஸ், அம்மன் கோயில்களிலே தெய்வமாடுவோரிடம் வாக்குக் கேட்கத் தாய்மார் திரண்டமையைப் பதிவு செய்துள்ளார். பிள்ளை காணாமற்போனமையைப் பற்றி வெளியிலே வாய் திறக்க அஞ்சிய காலம் அது. அம்மன் சந்நிதியிலே அவ்வச்சம் தளர்ந்தது. அவன் உயிரோடு இருக்கின்றானோ எனத் தாய் கேட்டாள். தெய்வமாடுபவர் அவள் பிள்ளை பட்ட வேதனையைத் தம் உடலிலே காட்டி நடுங்கினார். அங்கு நின்றோர் யாவரும் அழுதனர். ஊர் முழுவதும் மௌனம் காத்தபோது, பேசவும் அழவும் இடங்கொடுத்த களம் அதுவொன்றே.

வடக்கிலே, யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்து உளமருத்துவப் பேராசிரியர் தயா சோமசுந்தரம் அவர்கள், போர் ஈழத்தமிழருள்ளத்தில் விட்ட வடுவைப் பற்றி 1998இல் ஆங்கிலத்திலே விரிவான நூலொன்றை வெளியிட்டார். தனியாளை மட்டும் நோக்கும் மேனாட்டு முறை, குடும்பமும் ஊரும் ஒருங்கே சிதைந்த இடத்துக்குப் போதாது என்பது அவர் நெடுநாள் வற்புறுத்தி வரும் கருத்து. பதற்றந் தணிக்கும் பயிற்சியையும் அவர் நோயாளியின் சமயத்திலிருந்தே எடுத்தார். சைவர்க்கு ஓங்காரம் முதலிய மந்திரமும், கிறித்தவர்க்கும் இசுலாமியர்க்கும் பௌத்தர்க்கும் அவரவர் செபமும் திக்ரும் சரணமும் உருவேற்றும் பயிற்சிகளாயின. கேட்டறியாத பயிற்சியொன்றைப் புதிதாகக் கற்பிப்பதினும், பாட்டியின் மடியிலே கேட்ட சொல்லை மீண்டும் நாவில் வைத்தல் எளிதன்றோ?

ஆயினும் சடங்கு எட்டாத துயரமும் உண்டு. இறந்தாரை எரித்து, எட்டுச் செலவும் அந்தியேட்டியும் முடித்து, ஆடி அமாவாசையிலே கீரிமலையில் தீர்த்தமாடி, ஆண்டுதோறும் திவசஞ் செய்து துயரைப் படிப்படியாக ஆற்றுவது நம் மரபு. காணாமலாக்கப்பட்டவனுக்கு எந்த நாளில் திவசம்? அவன் மனைவி பொட்டு வைப்பதா, அழிப்பதா? போர் 2009இல் முடிந்தது, இவ்வினா முடியவில்லை. இவ்விடத்தே உளவளத்துணையாளர் ஒருவர், 'துயரம் ஆறுதற்குச் சடங்கு நன்று. கிரியையைச் செய்துவிடுங்கள்' என அறிவுரை கூறுவாராயின், அது மருந்தன்று. தாயின் கையாலேயே மகனைக் கொல்லச் சொல்வதாகும். சடங்கு அவர்களுடையது. செய்வதும் செய்யாது விடுவதும் அவர்களுடைய உரிமை. விளக்கேற்றிக் காத்திருக்க விரும்புவோரோடு உடனிருந்து காத்திருத்தலும் மருத்துவமேயாம்.

நூலும் குளிசையும்

சில ஆண்டுகளின் முன் என் வகுப்பிலே கெட்டிக்கார மாணவன் ஒருவன் இருந்தான். உயர்தரப் பரீட்சை நெருங்கிய வேளையில் அவன் உறக்கத்தை இழந்தான். யாரோ தன்னைப் பழிப்பது காதிற் கேட்கின்றது என்றான். கலகலவென்றிருந்தவன் பின்வாங்கிலே ஒடுங்கினான். ஆசிரிய கலாசாலையிலே உளநூல் கற்றிருந்தும், பரீட்சைப் பயம் என எண்ணி நான் சில கிழமைகளை வீணாக்கினேன். அது என் பிழை.

வீட்டார் முதலில் அவனை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு சென்றனர், குளிசை கொடுக்கப்பட்டது. பின்னர் பார்வை பார்ப்பவர் ஒருவரிடம் சென்றனர். அவர் நூல் கட்டி, இது செய்வினை என்றும், ஆஸ்பத்திரி மருந்தை நிறுத்தினாலன்றித் தம் மந்திரம் பலிக்காதென்றும் கூறினார். மருந்து நின்றது, நோய் முற்றியது. மீண்டும் ஆஸ்பத்திரியிலே, அங்கிருந்த ஒருவர் மணிக்கட்டிலிருந்த நூலைக் கண்டு நகைத்து, அதனை அறுத்தெறிந்துவிட்டு வரும்படி தாயைக் கடிந்தார். அந்த அம்மா அவ்விடத்தை மறுபடி மிதிக்கவில்லை. இருவரும் ஒரே பிழையைச் செய்தனர்: தம்மை நாடுவதாயின் மற்றையதைக் கைவிடவேண்டும் என்றனர். இருவருக்கும் நடுவே ஓராண்டு கழிந்தது.

இறுதியில் வேறோர் இளம் வைத்தியரிடம் அவர்களை அழைத்துச் சென்றேன். அவரும் நூலைக் கண்டார். யார் கட்டியது, கட்டியபின் வீட்டிலே நிம்மதி இருந்ததா எனக் கேட்டார். அந்த அம்மா முதன்முறையாக மனந்திறந்து நெடுநேரம் பேசினார். கேட்டிருந்தபின் வைத்தியர் சொன்னது இவ்வளவே: "நூல் இருக்கட்டும், அம்மா. வெள்ளிக்கிழமையிலே கோயிலுக்கும் கூட்டிக்கொண்டு போங்கோ. குளிசையை மட்டும் ஒருநாளும் விடாதேங்கோ." அம்மாணவன் இன்று தொழில் செய்து வாழ்கின்றான். குளிசையும் வெள்ளிக்கிழமையும் இரண்டுமே தொடர்கின்றன. அவ்வைத்தியர் குறுந்தொகை படித்தவரோ அறியேன். ஆயினும் அன்று அவ்வறையிலே ஔவையாரின் தோழியை நான் கண்டேன்.

இணைப்பின் எல்லை

கண்டவற்றைத் தொகுத்து நோக்கின் நான்கு விதிகள் பெறப்படும். ஒன்று: சடங்கு நோயாளிக்கு உரியதாதல் வேண்டும். மேனாடுகளிலே இன்று பிறநாட்டுச் சாமனியச் சடங்குகளைச் சில நாட்பயிற்சியிலே கற்றுக் கட்டணம் பெற்று நடத்துவோர் பலர். வேரோடு பெயர்க்காமற் பூவை மட்டும் பறித்துச் சென்றால் அது வாடும். இரண்டு: மருந்தை நிறுத்தச் சொல்லும் சடங்கும், தெய்வத்தை இகழச் சொல்லும் மருத்துவமும் இரண்டுமே நோயாளியைப் பிளக்கின்றன. மூன்று: அடித்தல், பட்டினியிடல், சங்கிலியிடல், பெரும்பணம் பறித்தல் ஆகியன எங்கு நிகழினும், எத்தெய்வத்தின் பெயரால் நிகழினும், அவற்றோடு இணக்கமில்லை. நான்கு: காரணத்தைத் தேடுதலை எக்காலும் நிறுத்தலாகாது. வலிப்பு, மூளைக்காய்ச்சல், தைரொயிட்டுக் கோளாறு முதலியனவும் பேய்பிடித்தது போலத் தோன்றுதல் உண்டு. வெறியாட்டிற் களமும் மாலையும் குற்றமுடையன அல்ல. நோயின் காரணம் முருகன் என முடிவு கட்டிவிட்டு மேலே கேளாமையே குற்றம்.

இம்மலரைக் கையிலேந்தும் பழைய மாணவருள் வைத்தியராயினோர் பலர். கோயில் அறங்காவலராயினோரும் பலர். ஒரே வாங்கிலிருந்து கற்ற அவ்விருசாராரும் ஒருவரோடொருவர் பேசுவாராயின், கோயில் வீதியிலே கிடக்கும் நோயாளி ஆஸ்பத்திரிக்கும், ஆஸ்பத்திரியிலே தனித்துக் கிடக்கும் நோயாளி கோயில் வீதிக்கும் வந்துசேர வழி பிறக்கும். ஆசிரியராகிய எமக்கும் மாணவருக்கும் உள்ள பணி இன்னும் எளியது. பக்கத்து வாங்கிலே ஒருவன் திடீரென ஒடுங்குவானாயின், அவனுக்குப் பேய் என்றோ சோம்பல் என்றோ பெயர் சூட்டுமுன் அருகே அமர்ந்து கேட்டல் வேண்டும். தலைவியின் நோயை அறிந்தவள் நெல்லை எண்ணியவளல்லள், உடனிருந்தவளே.